ரிடையர் ஆனவரும், ஆக்கப்பட்டவரும்

நாற்பத்து மூன்று வருஷம் ஒன்றாக மேடையேறிய இரண்டு காமெடியன்கள், பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. என்ன தகராறு? நடிக்கும்போது ஒருத்தர் மற்றவரின் நெஞ்சில் விரலால் குத்துவாராம். ‘டி’யில் ஆரம்பிக்கும் வார்த்தை வந்தால் முகத்தில் எச்சில் தெறிக்குமாம்! ‘தி சன்ஷைன் பாய்ஸ்’ (1975) படத்தில் இதைக் கேட்டுவிட்டு, ‘அட, இவ்வளவுதானா?’ என்று பாதிப் படம் வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

சினிமாவும் ரேடியோவும் வந்து விழுங்குவதற்கு முன்னால் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது ‘வாட்வில்’ மேடை. பாட்டு, டான்ஸ், வித்தை, ஜோக் எல்லாம் கலந்த கதம்பம். அந்த உலகத்தின் மிச்சம்தான் வில்லி கிளார்க்கும் ஆல் லூயிஸும். நீல் சைமன் 1972-ல் பிராட்வேக்கு எழுதிய நாடகத்தை ஹெர்பர்ட் ராஸ் படமாக்கினார். காமெடியின் வரலாறு பற்றிய டி.வி. நிகழ்ச்சிக்காக இருவரையும் மறுபடி ஜோடி சேர்க்க, வில்லியின் அண்ணன் மகன் படாதபாடு படுகிறான்.

ஒத்திகையில் ஆல் கதவைத் தட்டுகிறார். காலம்காலமாக ‘கம் இன்’ என்றே சொல்லிவந்த வில்லி, திடீரென்று ‘என்டர்!’ என்கிறார். அவ்வளவுதான், ஆல் நகர மாட்டேன் என்கிறார். ஒரே ஒரு வார்த்தைக்கா இந்த ரகளை? ஆமாம். இந்த இருவரின் சிரிப்பும் அந்த ஒரு வார்த்தையின் நேரத்தில், தொனியில்தான் இருக்கிறது. ஒருத்தர் பிசகினால் அடுத்தவர் அம்பேல்!

காலேஜில் பி.காம். படிக்கும்போது பார்ட்னர்ஷிப் கணக்கில் ஒரு பாடம் வரும். பங்குதாரர்கள் இரண்டே பேர் என்றால், ஒருவர் விலகியதும் பார்ட்னர்ஷிப்பே கலைந்துவிடும். பரீட்சைக்காக நெட்டுரு போட்ட அந்த சமாசாரம், வில்லி தன் கோபத்தைக் கொட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. விரலும் எச்சிலும் வெறும் சாக்கு. ஒருநாள் ஆல், ‘போதும்’ என்று மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். வில்லிக்கோ இன்னும் நடிக்க ஆசை. பாதி ஜோக்கை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்வார்? தான் ரிடையரானதோடு நிற்காமல் பார்ட்னரையும் சேர்த்து ரிடையர் ஆக்கிவிட்டார் ஆல். அதுதான் உண்மையான வழக்கு.

குறை இல்லாமல் இல்லை. வில்லியாக வரும் வால்டர் மேத்தாவ், படப்பிடிப்பின்போது ஐம்பதுகளின் நடுவில் இருந்தவர். மேக்கப் போட்டு, கத்திக் கத்தியே எழுபது ப்ளஸ்ஸைக் காட்டப் பார்க்கிறார். சில இடங்களில் காது வலிக்கிறது. படமும் நாடகத்தின் நான்கு சுவர்களை விட்டு வெளியே வரத் தயங்குகிறது.

ஆனால், ஆலாக வரும் ஜார்ஜ் பர்ன்ஸ்! நிஜமாகவே எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், நிஜ வாட்வில்காரர். மனைவி கிரேஸி ஆலனோடு ஜோடியாக மேடையிலும் ரேடியோவிலும் டி.வி.யிலும் வருஷக்கணக்கில் சிரிக்க வைத்தவர். கிரேஸி 1964-ல் இறந்துபோனார். இந்த ரோலும் முதலில் பர்ன்ஸுக்கு வரவில்லை. அவருடைய உயிர் நண்பர் ஜாக் பென்னி நடிப்பதாக இருந்தது. 1974 டிசம்பரில் பென்னி போய்ச் சேர, அந்த இடத்துக்கு வந்தார் பர்ன்ஸ். அவர் சினிமாவில் நடித்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது!

மேத்தாவ் இரைந்து தள்ளும்போது பர்ன்ஸ் சும்மா உட்கார்ந்து பார்க்கிறார். தாமதமாக, மெதுவாக, ஒரு வரி சொல்கிறார். நமக்குச் சிரிப்பு அங்கேதான் வருகிறது. வயசை நடிப்பதற்கும் வயசோடு நடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. துணை நடிகருக்கான ஆஸ்கர் 1976-ல் அவருக்குக் கிடைத்தபோது வயது 80. இரண்டு பார்ட்னர்களையும் இழந்த மனிதர் அதற்குப் பிறகும் நடித்துக்கொண்டே இருந்து, நூறைத் தொட்டுவிட்டு 1996-ல்தான் விடைபெற்றார்.

படத்தில் ஸ்டுடியோவில் மறுபடி அந்த விரல் நெஞ்சில் குத்த, வில்லி வெடிக்க, நிஜமாகவே ஹார்ட் அட்டாக். காமெடியில் டாக்டராக வந்தவருக்கு வீட்டில் ஒரு நிஜ நர்ஸ்! பார்க்க வருகிறார் ஆல். மன்னிப்பு, கட்டிப்பிடித்து அழுகை எதுவும் கிடையாது. நியூஜெர்ஸியில் வயசான நடிகர்களுக்கான இல்லத்துக்குத்தான் இருவரும் போகப்போகிறார்கள் என்பது தெரியவருகிறது. வில்லி தலையில் அடித்துக்கொள்கிறார். அப்புறம் பழைய மேடைக் கதையை எடுத்து, அதிலும் சண்டை பிடிக்கிறார்கள்.

ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர் மறுக்க... கலைந்த கம்பெனி மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆடியன்ஸ்தான் இல்லை.