ஒருங்குறியில் ‘ஸ்ரீ’: ஓர் எழுத்தின் இரட்டைக் குறியீடும் ஆய்வுத் தரவும்

விருதுநகர் மாவட்டத்துச் செட்டியார்பட்டி, இராசபாளையம் வட்டார ஊர்களைப் பற்றிய மின்தரவுகளைத் தொகுக்க முற்படும் ஆய்வாளர் எவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் பெயரைத் தேடாமல் இருக்க இயலாது. அப்பெயரின் முதலெழுத்து திரையில் ஒரே வடிவில் தோன்றினும், கணினியின் உள்ளே இருவேறு குறியீட்டுத் தொடர்களாக இருக்கக்கூடும். எழுத்துருச் சிக்கலாக மட்டும் இதுவரை கருதப்பட்டு வந்த இதனைத் தரவின் நம்பகத்தன்மை சார்ந்த சிக்கலாகவே கொள்ளுதல் வேண்டும்.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்குரிய கட்டம் தேவநாகரி வரிசையை ஒட்டி அமைக்கப்பட்டது. தமிழில் இல்லாதனவாகக் கருதப்பட்ட எழுத்துகளின் இடங்கள் வெற்றிடங்களாக விடப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘ஶ’ என்னும் கிரந்த எழுத்துக்குரிய 2998ஆம் எண். அவ்வெழுத்து இல்லாத நிலையில், ஸகரம் (3000), புள்ளி (3021), ரகரம் (2992), ஈகாரக் குறி (3008) ஆகிய நான்கின் தொடராக ‘ஸ்ரீ’ எழுதப்பட்டது. 2005இல் வந்த 4.1ஆம் பதிப்பு ‘ஶ’வைச் சேர்த்தது. அதன்பின் ஶகரத்தில் தொடங்கும் தொடரே பொருத்தமானதென ஒருங்குறி ஆவணம் கூறலாயிற்று. பழைய தொடரும் பெருவழக்காக இருப்பதால் இரண்டையும் நிகராகக் கொள்ளுமாறு அதே ஆவணம் பரிந்துரைக்கிறது.

இப்பரிந்துரையே குறையுடையது. ஒகரமும் ஔகார நீட்சிக் குறியும் சேர்ந்த தொடரை ‘ஔ’வுக்கு நிகரானதென ஒருங்குறி விதியாகவே வகுத்துள்ளது, இயல்பாக்கம் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘ஸ்ரீ’க்கு அத்தகைய விதி இல்லை. நிகராக்கும் பொறுப்பு ஒவ்வொரு மென்பொருளுக்கும் விடப்பட்டுள்ளது. அதனைச் செய்யாத தேடற்கருவியில் ஒரு வடிவத்தை உள்ளிட்டால் மற்றது கிடைக்காது. குறியீட்டெண் வரிசையில் அடுக்கப்படும் சொல்லடைவிலோ, ஷகரச் சொற்கள் அனைத்தும் இடையே புகுந்து ஒரே ஊர்ப்பெயரை இரண்டிடங்களில் நிறுத்திவிடும். நிகழ்வெண்ணைக் கொண்டு முடிவுரைக்கும் ஆய்வுக்கு இது சிறு பிழையன்று. கண்ணால் மெய்ப்புப் பார்ப்பவருக்கு இப்பிழை தென்படவே மாட்டாது என்பதுதான் கூடுதல் இடர்.

2005ஆம் ஆண்டு மாற்றம் தவறானதா? வடசொல்லின் ஒலி ஶகரமே. கிரந்தக் கூட்டெழுத்தின் தோற்றமும் அதனையே சுட்டும். எழுத்து வரலாற்று நோக்கில் மாற்றம் சரியே. ஆனால் தமிழ் எழுதுவோர் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவற்றோடு ‘ஸ்ரீ’யைத் தனியோர் எழுத்தாகவே கற்கின்றனர், ‘ஶ’வைப் பலர் கண்டதுமில்லை. சொற்பிறப்பைக் கொண்டு குறியீட்டை முடிவு செய்தவர்கள் வழக்கில் உள்ளதை விதியாற் காத்திருக்க வேண்டும். அதே 4.1ஆம் பதிப்பில் ஜார்ஜிய மொழியின் நுஸ்குரி எழுத்துகளும் தனி எண்கள் பெற்றன. அதுவரை அவை எழுத்துரு வேறுபாடாகவே கொள்ளப்பட்டிருந்தன. அங்குப் பிரிக்கப்பட்டவை வடிவால் வேறுபட்டவை; படிப்பவர் வேறுபாட்டைக் கண்ணாற் காண்பார். இங்கோ வடிவம் ஒன்று, குறியீடு இரண்டு.

‘திருவில்லிபுத்தூர்’ என்று எழுதிவிட்டால் சிக்கல் தீருமே எனத் தனித்தமிழ் அன்பர் கூறலாம். தாம் எழுதும் உரைக்கு அது தக்க வழியே. மூலத்தில் உள்ளதை மாற்ற ஆய்வாளருக்கு உரிமை இல்லை. மேலும், திரு, சீ, ஸ்ரீ என்னும் வடிவங்களுள் எது எக்காலத்தில், எவ்வகை ஆவணத்தில் வழங்கியது என்பதே ஆய்வுக்குரிய வினாவாகலாம். அவ்வினாவுக்கு விடை காண்பவர், எழுதியவர் தெரிந்து செய்த வேறுபாட்டையும் விசைப்பலகை தெரியாமல் செய்த வேறுபாட்டையும் பிரித்தறிய வேண்டும்.

கிரந்த எழுத்துகளை ஒருங்குறியில் சேர்ப்பது குறித்து 2010ஐ ஒட்டி எழுந்த விவாதம் பெரிது. கிரந்தம் 2014இல் 7.0ஆம் பதிப்பில் தனிக்கட்டம் பெற்றது. அவ்விவாதத்தின் வேகத்தில் ஏற்கெனவே தமிழ்க் கட்டத்தினுள் இருந்த இவ்விரட்டை நிலை போதிய கவனம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

மின்தரவகம் அமைப்போர் மூலக் கோப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டு, தேடலுக்குரிய படியில் மட்டும் இரு தொடர்களையும் ஒன்றாக்கலாம். எத்தொடராக ஒன்றாக்கினர் என்பதைத் தரவுக் குறிப்பில் எழுதுதல் வேண்டும். சொல் நிகழ்வெண் தரும் ஆய்வேடுகளிடமும் நெறியாளர்கள் இக்குறிப்பைக் கேட்கலாம்.