கேள்வி கேட்கும் சிறுமிக்குக் கதையில் என்ன நேர்கிறது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் கூடுவார்கள். எல்லாரும் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள். புத்தகம் எடுப்பார்கள், திருப்பித் தருவார்கள், நடுவில் பேச்சு. சென்ற ஆண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைத் திருப்பித் தர வந்தாள். மெலிந்த புத்தகம், ஒரே இரவில் முடித்திருந்தாள். “நல்லா இருந்துச்சா?” என்றேன். “நல்லாதான் இருந்துச்சு அக்கா. ஆனா கேள்வி கேட்டா செத்துதான் போவணுமா?” என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தது நான்தான்.

‘ஆயிஷா’ நல்ல கதை. ஆசிரியர்கள் நடுவே கைமாறிக் கைமாறிப் பரவிய கதை. அறிவியலில் ஓயாமல் கேள்வி கேட்கும் பள்ளி மாணவி, அதற்காகவே அடி வாங்குகிறாள். வலி தெரியாமலிருக்க ஒரு வழி தேடித் தன் மீதே சோதனை செய்து இறந்துபோகிறாள். இதை நமக்குச் சொல்வது அவளுடைய ஆசிரியை. கதையின் பலம் அந்த ஆசிரியையின் குற்றவுணர்வில் இருக்கிறது. வகுப்பறையில் பிரம்போடு நிற்பவர்கள் படித்துக் கூச வேண்டிய கதை அது. பன்னிரண்டு வயதுப் பெண்ணோ ஆசிரியையின் இடத்தில் நின்று படிப்பதில்லை, ஆயிஷாவின் இடத்தில் நின்று படிக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் கதை வேறொன்றைச் சொல்கிறது: நீ கேட்டால் அடிப்பார்கள், நீ செத்த பிறகுதான் புரிந்துகொள்வார்கள்.

அன்றிலிருந்து இந்த வயதுப் பெண்களுக்குப் புத்தகம் எடுக்கும்போது ஒன்றை மட்டும் பார்க்கிறேன். கேள்வி கேட்கும் சிறுமிக்கு இந்தக் கதையில் என்ன நேர்கிறது?

இது எனக்கு வெறும் இலக்கிய விசாரணை இல்லை. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள, நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இடம் வெகுகாலம் பிள்ளைகளின் இடமாக இருந்தது. அப்பாவின் குழித்தறியில் அங்கே உட்கார்ந்தவள் என் அக்கா. எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. நான் தப்பித்தது இளையவள் என்பதால் மட்டுமே. நிறுத்திய அன்று அக்கா “ஏன்?” என்று கேட்டாள். பதில் சொல்லக்கூட யாரும் மெனக்கெடவில்லை. ஆண்டு விழாவில் அவளுக்குப் பரிசாக வந்த நீதிக்கதைப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பெண்கள் பொறுமையாக இருக்கிறார்கள், பொறுமைக்குப் பரிசும் கிடைக்கிறது. பையன்களுக்குத் துப்பறியும் கதையும் விண்வெளியும், பெண்களுக்கு நீதியும் தியாகமும் என்ற இந்தப் பங்கீடு இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ஆகவே ஒரே வகைக்குள் நிற்காமல், வகைக்கு ஒன்றாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் படக்கதை. மகாசுவேதா தேவி எழுதிய மொய்னாவின் கதையைச் சென்னையின் துளிகா பதிப்பகம் வெளியிட்டது. மொய்னா சபர் பழங்குடிச் சிறுமி, பண்ணைக்காரர்களின் ஆடு மேய்ப்பவள். அவர்கள் தரும் மிச்சச் சோற்றுக்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்கிறாள். காலையில் ஆடு மேய்ப்பவளுக்கு ஏற்ற நேரத்தில் பள்ளியை ஏன் நடத்தக்கூடாது என்கிறாள். நேரம் மாறுகிறது. பின்னாளில் அவளே பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறாள். சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம்தானே என்று ஏழாம் வகுப்பில் ஒதுக்கிவிடாதீர்கள். தறி நேரத்துக்கும் பள்ளி நேரத்துக்கும் நடுவில் எத்தனையோ பிள்ளைகள் நசுங்கிய ஊரில் இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை. ‘ஆயிஷா’வைக் கொடுப்பதாக இருந்தால் எட்டாம் வகுப்பில், மொய்னாவோடு சேர்த்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூடிய ஒருவர் இருக்கும்போது கொடுங்கள்.

அடுத்தது நினைவுநூல். 1981இல் ஜப்பானில் வெளிவந்த தெத்சுகோ குரோயநாகியின் ‘டோட்டோ-சான்’ தமிழில் பல ஆண்டுகளாகக் கிடைக்கிறது. ஜன்னலில் நின்று தெருப் பாடகர்களைக் கூப்பிட்டதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளில் நடக்கும் ஒரு பள்ளிக்குப் போகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே நான்கு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்கிறார். எங்கள் திண்ணையில் எல்லாரும் மூச்சுப் பிடித்துக் கேட்ட பகுதி அது. ஆனால் டோட்டோ-சானின் அப்பா வயலின் கலைஞர், வேறு பள்ளி தேடிப் போக அந்தக் குடும்பத்தால் முடிந்தது. “எங்கள வெளிய அனுப்பினா வீட்டுலதான் இருப்போம்” என்று ஒருத்தி சொன்னாள். புத்தகத்தின் இனிமையோடு இந்தப் பேச்சும் நடக்க வேண்டும்.

தன்வரலாறு என்றால் பாமாவின் ‘கருக்கு’, 1992. முழுப் புத்தகமும் இந்த வயதுக்குக் கனம்தான். மூன்றாம் வகுப்புச் சிறுமியாக, ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிவருவதைப் பார்த்து அவள் சிரித்த பகுதியை மட்டும் வாசியுங்கள். அது வேடிக்கை இல்லை, தீண்டாமை என்று பிறகு அண்ணன் விளக்குகிறார். எங்கள் தெருவும் சாதித் தெருதான். காலனியிலிருந்து வரும் இரண்டு பிள்ளைகள் திண்ணையில் உட்கார்வதே சிலருக்கு உறுத்தியது. இதை வாசித்த அன்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பேசவில்லை, அந்த இருவர்தான் பேசினார்கள். பெண் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடைத்துவிட முடியாது என்பதைப் பிள்ளைகள் எந்தக் கோட்பாடும் இல்லாமல் புரிந்துகொண்டார்கள்.

சித்திரக்கதை வேண்டாம் என்று வீடுகளில் சொல்வார்கள். 1984இல் லயன் காமிக்ஸ் முதல் இதழே மாடஸ்டி பிளைஸி என்ற பெண்ணின் சாகசத்தோடுதான் வந்தது. அவளை வரைந்த கண் ஆணின் கண்தான், ஆனாலும் அவள் ஓடினாள், சண்டை போட்டாள், ஜெயித்தாள். அந்த ருசி தெரிந்தவர்களுக்கு எட்டாம் வகுப்பில் மர்ஜானே சத்ரபியின் ஈரான் சித்திரக்கதையைக் கொடுக்கலாம். பத்து வயதில் பள்ளியில் முக்காடு கட்டாயமாகும் சிறுமியின் கண்ணில் ஒரு புரட்சி. போரும் சித்திரவதையும் வரும் பக்கங்களை நீங்கள் முன்பே படித்துவையுங்கள்.

சமகாலத் தமிழில் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பேசும் மரப்பாச்சி பொம்மை, தகாத தொடுதலைப் பற்றிச் சொல்கிறது. அறிவுரை சில இடங்களில் கதையைத் தாண்டி நீட்டிக்கொண்டு தெரிகிறது. இருந்தும் இந்தப் புத்தகம் திரும்பி வரும்போதெல்லாம் யாரோ ஒருத்தி எல்லாரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் பேசியிருக்கிறாள். வேறு எந்தப் புத்தகமும் அப்படிச் செய்ததில்லை.

கடைசியாக, எங்கள் ஊர்க் காப்பியம். மணிமேகலை முடிவது காஞ்சியில். பஞ்சம் வந்த இந்த ஊருக்கு அமுதசுரபியோடு வந்து சோறிடுகிறாள். நான் பார்த்த பள்ளிச் சுருக்கங்கள் எல்லாம் அந்தப் பாத்திரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகின்றன. சோறு போடும் பெண் யாருக்கும் தொந்தரவு இல்லை. விடுபடுவது அவளுடைய இரண்டு வேடங்கள். விரட்டிவரும் இளவரசனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்க ஆண் துறவியின் உருவை எடுக்கிறாள். இளம்பெண்ணாகப் போனால் யாரும் பொருட்படுத்திச் சொல்ல மாட்டார்கள் என்று தெய்வமே எச்சரித்திருக்கிறது. தெருவில் நடக்க ஒரு வேடம், கேள்வி கேட்க ஒரு வேடம். பன்னிரண்டு வயதுக்கு இது புராதனக் கதையாகத் தெரியாது. காஞ்சியில் அறவண அடிகளைக் காணும்போது, அந்த வேடத்தைப் போலவே அந்தக் கொள்கைகளும் தன் மனதில் நிற்கவில்லை என்கிறாள். எளிய உரைநடையில் பல பதிப்புகள் உண்டு. வாங்கும் முன் வஞ்சிப் பகுதி இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

‘ஆயிஷா’வைத் திருப்பித் தந்த பிள்ளைக்கு மணிமேகலையைக் கொடுத்திருந்தேன். பிறகு மூன்று வாரம் அவள் வரவில்லை. பெரிய மனுஷி ஆகிவிட்டாள், இனித் திண்ணைக்கெல்லாம் அனுப்ப வேண்டாம், எட்டோடு போதும் என்று பாட்டி சொல்கிறாராம். நான்காவது வாரம் அவள் தம்பி புத்தகத்தைக் கொண்டுவந்தான். உள்ளே கோடு போட்ட தாளில் ஒரு வரி: “மணிமேகலை அந்த வேஷத்தக் கலச்சப்ப யாரும் திட்டலையா அக்கா?”

தம்பியிடமே அடுத்த புத்தகத்தைக் கொடுத்தனுப்பியிருக்கலாம். என் அக்கா கேட்ட “ஏன்?” நினைவுக்கு வந்தது. மொய்னாவை எடுத்துக்கொண்டு நானே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் எதிரில் உட்கார்ந்தேன். பேச்சு ஜரிகை விலையில்தான் தொடங்கியது. அறைக்குள் தார் சுற்றும் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.