டி.சி. வாங்கியவன் படத்தில் இல்லை

பீடி, குடி, அடிதடி, பள்ளிக்கு மட்டம். இதற்கு ‘வளரிளம் பருவத்து அபாய நடத்தை’ என்று பேர். அமெரிக்காவில் 1991 முதல் இரண்டாண்டுக்கொருமுறை மாணவர்களிடம் கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். இதெல்லாம் உள்ளவன் மேற்படிப்புக்குப் போவது கஷ்டம் என்பது பொதுப்புத்தி. எங்க விடுதிக் காப்பாளர் கணக்கெடுக்காமலே சொல்வார்: ‘சேரிப் பயலுக உருப்பட மாட்டானுக.’

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) இதைத் திருப்பிப் போடுகிறது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் பரியன் சண்டை போடுகிறான். சண்டையை மட்டும் எழுதினால் அவன் ரவுடி. படமோ ஆங்கில வகுப்பில் அவன் பட்ட கேவலத்தையும், கல்யாண மண்டபத்தில் அவன்மேல் பெய்த மூத்திரத்தையும் சேர்த்தே எழுதுகிறது. அறையில் தூக்கில் தொங்குவதற்குச் சண்டை போடட்டுமே என்கிறார் முதல்வர். அவரும் ஒடுக்கப்பட்டு அந்த நாற்காலிக்கு வந்தவர்.

படத்தோடு எனக்குள்ள சண்டையும் இங்கேதான். அந்த நாற்காலியில வேற ஆளு உக்காந்திருந்தா?

பிளஸ் ஒன்னில் என் பக்கத்துப் பாயில் படுத்தவன் என்னைவிட நல்லாப் படிப்பான். சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவனைத் திருப்பி அடிச்சான். அடுத்த வாரமே கையில டி.சி. வேற எந்தப் பள்ளியும் சேர்க்கலை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். பீடியும் குடியும் அதுக்கப்புறம் வந்ததுதான். குடிச்சதால படிப்பு போகலை. படிப்பு போனதால குடிச்சான். அதே பேரைச் சொல்லி என்னையும்தான் கூப்பிட்டானுக. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். இன்னைக்கு நான் எம்.ஏ. இதை ஒழுக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அவன் செய்த அபாய நடத்தை என்ன? தனக்கு நடந்த கொடுமையைப் பள்ளியில் சொன்னான். அவ்வளவுதான். 2024-இல் அவன் பிளஸ் டூ தேறினான். நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போவதே அபாயம் என்பதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பரியன் தப்பித்தான், அவனைப் படம் எடுக்க முடிந்தது. டி.சி. வாங்கியவனுக்குக் கதை இல்லை. தோழர்களே, நம்ம பையன் அடிச்சிட்டான்னு சேதி வந்தா, ‘ஏண்டா அடிச்ச’ன்னு கேக்கறதுக்கு முன்னாடி ‘அவன் என்ன சொன்னான்’னு கேளுங்க. அப்படிக் கேக்கிற ஒரு வாத்தியார் அன்னைக்கு இருந்திருந்தா, இந்தக் கட்டுரையை அவனே எழுதியிருப்பான்.