மோடம் என்கிற சவுண்டு கார்டு: திங்க்பேட் டி42-இல் லினக்ஸ் டயல்-அப்

ஐபிஎம் 2004-இல் வெளியிட்ட திங்க்பேட் டி42-க்கு அதன் கீபோர்டுக்காகவே இன்றும் ரசிகர்கள் உண்டு. அதே லேப்டாப்பின் பக்கவாட்டில், ஈதர்நெட் சாக்கெட்டைவிடச் சிறியதாக, டெலிபோன் ஒயர் செருகும் ஆர்ஜே-11 துளை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த விமர்சனம் முழுக்க அந்தத் துளைக்குத்தான். லினக்ஸில் அது வேலை செய்கிறதா என்றால், செய்கிறது, நன்றாகவே செய்கிறது. எப்படிச் செய்கிறது என்பதுதான் சுவாரசியம்.

கணினியில் உள்ள பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடச் சொன்னால், ‘இன்டெல் 82801டிபி ஏசி’97 மோடம் கன்ட்ரோலர்’ என்று ஒரு வரி வருகிறது. ஏசி’97 என்பது அந்தக் காலத்து லேப்டாப்புகளில் ஒலிக்கு இன்டெல் வகுத்த தரம். பாட்டுக் கேட்கும் சிப்பும் மோடமும் ஒரே குடும்பம். லினக்ஸ் கெர்னல் அதை ஒளிவுமறைவு இல்லாமல் காட்டுகிறது. சவுண்டு கார்டுகளின் பட்டியலைக் கேட்டால், முதலில் ஸ்பீக்கருக்கான கார்டு, அடுத்து ‘மோடம்’ என்ற பெயரில் இன்னொரு கார்டு.

இந்த இரண்டாவது கார்டை அல்சாமிக்ஸரில் திறந்து பாருங்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பட்டைகளுக்கு நடுவே ‘ஆஃப்-ஹுக்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. எம் விசையைத் தட்டி அதை ஆன் செய்தால் ரிசீவரைக் கையில் எடுத்ததற்குச் சமம். அந்த நேரத்தில் வீட்டு இன்டர்காமின் இன்னொரு எக்ஸ்டென்ஷனிலிருந்து இந்த எண்ணுக்கு அடித்தால் எங்கேஜ்டு ஒலி வருகிறது. மோடத்தின் வன்பொருள் மொத்தமும் இவ்வளவுதான்: லைனை எடுக்கும், வைக்கும், ஒலியை உள்ளே வாங்கும், வெளியே அனுப்பும். எதிர்முனையோடு பேரம் பேசி வேகத்தை முடிவு செய்வது, பிட்டுகளை ஒலியாக மாற்றுவது, லைனில் திரும்பிவரும் எதிரொலியைக் கழிப்பது எல்லாம் லேப்டாப்பின் பென்டியம் எம் தலையில்.

இந்த வகையைத்தான் அன்று ‘வின்மோடம்’ என்றார்கள். யூஎஸ் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் தன் மாடல்களுக்கு வைத்த பெயர், பிறகு எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. கன்ட்ரோலர் சிப்பையும் சிக்னல் பிராசஸரையும் எடுத்துவிட்டதால் விலை குறைந்தது. ஆனால் மிச்ச வேலையைச் செய்யும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே வந்தது. நம் ஊரில் பிசி குவெஸ்ட் இதழோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் போட்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாக நினைவிருக்கும். டிரைவர் இணையத்தில் இருக்கும். இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டும்.

டி42-க்கு வழி திறந்தது ஸ்மார்ட் லிங்க் நிறுவனத்தின் எஸ்எல்மோடம். இது பின்னணியில் ஓடும் ஒரு டீமன். கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் இன்டெல் மோடம் ஒலி டிரைவரைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் ஒரு பொய் சீரியல் போர்ட்டைத் திறந்து வைக்கிறது. மற்ற புரோகிராம்களுக்கு அது ஏடி கட்டளை கேட்கும் சாதாரண மோடமாகத் தெரியும். மோடத்தின் அசல் அறிவெல்லாம் ‘டிஎஸ்பிலிப்ஸ்’ என்ற ஒரே கோப்பில், கம்பைல் செய்த நிலையில், 32 பிட்டில் கிடைக்கிறது. மூலநிரல் கிடையாது. ஆனால் யாரும் நகலெடுத்துப் பகிரலாம் என்று உரிமம் அனுமதிக்கிறது. அதனால்தான் டெபியன் அதைத் தன் ‘நான்-ஃப்ரீ’ பிரிவில் இத்தனை ஆண்டுகள் வைத்திருக்க முடிந்தது.

நான் போட்டது 32 பிட் டெபியன் 12. இந்தத் தலைமுறைப் பென்டியம் எம் சிப்புகளுக்கு ஒரு வினோத குணம் உண்டு: பிஏஇ என்ற நினைவக வசதி உள்ளே இருக்கிறது, ஆனால் இருப்பதாக வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே பிஏஇ கேட்காத ‘686’ கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பூட் ஆவதில் சிக்கல் வராது. எஸ்எல்மோடத்தை நிறுவி, அல்சா வழியாக இரண்டாவது கார்டைப் பயன்படுத்து, நாடு இந்தியா என்று சொல்லி ஓடவிட்டால் போதும்.

நாட்டைச் சொல்வது சம்பிரதாயம் இல்லை. அமெரிக்க டயல்டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்த ஒலி. நம்முடையது 400 ஹெர்ட்ஸ் ஒலியின் மேல் 25 ஹெர்ட்ஸ் அதிர்வு ஏறிய உறுமல். நாட்டை மாற்றாமல் விட்டால், லைனில் டோன் கணகணவென்று ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மோடம் ‘நோ டயல்டோன்’ என்று கைவிரிக்கும். சின்ன இன்டர்காம் பெட்டிகளின் டோன் இந்த இரண்டிலும் சேராமல் இருப்பதுண்டு. அவற்றுக்கு ‘ஏடிஎக்ஸ்3’ என்ற கட்டளைதான் மருந்து. டோனுக்குக் காத்திருக்காமல் நேராக எண்ணைச் சுழற்றும்.

டயல் செய்ய டபிள்யூவிடயல். அதன் அமைப்புக் கோப்பில் போர்ட்டின் பெயரோடு ‘கேரியர் செக்’ என்ற வரியில் ‘நோ’ என்று எழுதுவது கட்டாயம். உண்மையான சீரியல் போர்ட்டில் ‘இணைப்பு இருக்கிறது’ என்று சொல்ல ஒரு தனிக் கம்பி உண்டு. எஸ்எல்மோடத்தின் பொய் போர்ட்டில் அந்தக் கம்பி ஏது? இந்த வரி இல்லாவிட்டால், நன்றாக இணைந்த அழைப்பைக்கூட டபிள்யூவிடயல் அறுந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

சரி, யாருக்கு அடிப்பது? 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் திறந்துவைத்த டயல்-அப் காலம் இங்கே முடிந்துவிட்டது. அமெரிக்காவில் ஏஓஎல்கூட 2025 செப்டம்பர் 30-உடன் நிறுத்திக்கொண்டது. ஆகவே எதிர்முனையையும் வீட்டிலேயே அமைத்தேன். ஒரு லைன், மூன்று எக்ஸ்டென்ஷன் கொண்ட இபிஏபிஎக்ஸ் பெட்டி. ஒரு முனையில் டி42, மறுமுனையில் டெஸ்க்டாப்போடு யூஎஸ்பி-சீரியல் கேபிளில் மாட்டிய பழைய வெளி மோடம். டெஸ்க்டாப்பில் எம்கெட்டி அழைப்பை எடுத்து, பிபிபி-யிடம் ஒப்படைத்து, அங்கிருந்து வீட்டு இணையத்துக்குத் திருப்பிவிடுகிறது.

‘கனெக்ட் 31200’ என்று திரையில் வந்தபோது எனக்கு மனம் நிறைந்தது. இருபது வயதைத் தாண்டிய லேப்டாப், தனக்கென்று சிக்னல் சிப் இல்லாமல், தன் பிராசஸரால் மட்டுமே செய்து முடித்த வேலை அது. இந்த அமைப்பில் 33,600-க்கு மேல் போகவே முடியாது. 56,000 என்ற புகழ்பெற்ற எண், எதிர்முனை டெலிபோன் வலையமைப்போடு டிஜிட்டலாக இணைந்திருந்தால் மட்டுமே வரும்: நொடிக்கு 8,000 மாதிரிகள், ஒவ்வொன்றிலும் பயன்படும் 7 பிட்டுகள். இரண்டு பக்கமும் அனலாக் என்றால் வி.34 தான் கூரை.

நொடிக்கு மூன்றரை கிலோபைட் அளவில் ஒரு எம்பி பக்கம் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது. இன்றைய செய்தித் தளங்களை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் எஸ்எஸ்எச்-இல் தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழைந்து வேலை பார்ப்பது தாராளமாக நடக்கிறது. தட்டிய எழுத்து திரையில் வரக் கண்ணுக்குத் தெரியும் தாமதம் உண்டு, பழகிவிடும். படமில்லாத மின்னஞ்சல், லிங்க்ஸ் உலாவியில் எளிய பக்கங்கள் எல்லாம் சரி. எஸ்எல்மோடம் ரியல்-டைம் முன்னுரிமையோடு ஓடுவதால் பிராசஸரில் முதல் உரிமை அதற்கே. அதனால் பின்னணியில் கம்பைல் ஓடினாலும் அழைப்பு அறுந்துபோகவில்லை. சஸ்பெண்டுக்கு முன் மட்டும் டீமனை நிறுத்திவிடுவது நல்லது.

ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டியின் போன் துளையிலும் செருகிப் பார்த்தேன். அங்கே குரல் இணையப் பொட்டலங்களாகப் பயணிக்கிறது. ஒரு பொட்டலம் தாமதித்தால் மனிதக் காது பொருட்படுத்தாது, மோடம் தடுமாறிவிடும். ‘ஏடி+எம்எஸ்=132’ என்று கொடுத்து வி.32பிஸ் முறைக்கு, அதாவது 14,400-க்குக் கீழே இறக்கிய பிறகுதான் இணைப்பு நின்றது. அதுவும் சுருக்காத ஜி.711 கோடெக் இருந்தால்தான்.

மற்ற லேப்டாப் மோடங்களோடு ஒப்பிட்டால் டி42 வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கோனெக்சன்ட் சிப் கொண்டவற்றுக்கு லினக்ஸன்ட் நிறுவனம் டிரைவர் தந்தது. இலவசப் பதிப்பு 14,400-இல் நின்றுவிடும், முழு வேகத்துக்குக் காசு. அந்த டிரைவரில் 2004-இல் ஒரு தந்திரம் வெளிப்பட்டது. உரிம வரியில் ‘ஜிபிஎல்’ என்று எழுதி, உடனே ஒரு பூஜ்ய எழுத்தை வைத்து, அதன்பின் மற்றக் கோப்புகளுக்கு இது பொருந்தாது என்று எழுதியிருந்தார்கள். சி மொழியில் பூஜ்ய எழுத்தோடு வாக்கியம் முடிந்துவிடும், அதனால் கெர்னல் ‘ஜிபிஎல்’ என்பதை மட்டும் படித்து நம்பியது. பயனர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கையைத் தவிர்க்கவே அப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கம் சொன்னது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. கெர்னலிடம் பொய் சொல்லும் டிரைவரை எந்தக் காரணத்துக்காகவும் என் கணினியில் ஏற்ற மாட்டேன். நேர்மாறாக, திங்க்பேட் 600 வரிசையில் இருந்த எம்வேவ் மோடத்துக்கு ஐபிஎம்மே டிரைவரின் மூலநிரலைத் திறந்து கெர்னலுக்குக் கொடுத்தது.

எஸ்எல்மோடம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூடிய கோப்புதான், ஆனாலும் பகிரவிட்டதால் பிழைத்தது. அண்மையில் டி-மோடம் என்ற திட்டம் அதே கோப்பை எடுத்து, சவுண்டு கார்டுக்குப் பதிலாக இணைய அழைப்போடு கோத்து, மோடமே இல்லாத மோடம் ஒன்றை உருவாக்கியது. மூலநிரலும் கிடைத்திருந்தால் 64 பிட்டுக்கும் கொண்டுபோயிருக்கலாம். இன்றோ 64 பிட் கணினியிலும் 32 பிட் நூலகங்களைச் சேர்த்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கு நிறுவும் வசதியே இல்லை. டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை.

ரவுட்டருக்கும் தொலைதூரக் கருவிகளுக்கும் போன் லைன் வழியாக அவசரக் கதவு வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை டி42 அல்ல, எல்லாச் சிப்பும் தனக்குள்ளேயே கொண்ட வெளி சீரியல் மோடம். அதற்கு டிரைவரே வேண்டாம். ஆனால் டி40, டி41, டி42, எக்ஸ்31 வரிசையில் ஏதாவது ஒன்று அலமாரியில் கிடந்தால் எஸ்எல்மோடத்தைப் போட்டுப் பாருங்கள், ஒரு மாலைப் பொழுது போதும். ஒரே எச்சரிக்கை: அலுவலகத்து டிஜிட்டல் இபிஏபிஎக்ஸ் போனைக் கழற்றிவிட்டு அந்த ஒயரைச் செருகிவிடாதீர்கள். பிளக் பொருந்தும். ஆனால் அந்த லைனில் வரும் மின்னோட்டம் அனலாக் மோடத்தின் லைன் பகுதியைச் சுட்டுவிடக்கூடும். எந்த லைன் என்று சந்தேகம் இருந்தால், சாதாரண போன் ஒன்றை மாட்டிப் பேச முடிகிறதா என்று அந்த எக்ஸ்டென்ஷனைப் பராமரிப்பவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.