வெள்ளுடைக்குள் ஒரு மனச்சான்று

தமிழ்த் திரையும் கதையும் செவிலியருக்குச் சூட்டிவந்த மணிமுடி ஒன்று உண்டு. தியாகம் என்பது அதன் பெயர். 1961-இல் பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த ‘பாலும் பழமும்’ படத்தின் சாந்தியை எளிதில் மறத்தல் இயலாது. பார்வையிழந்த கணவருக்கு, தான் இன்னாள் எனக் காட்டிக்கொள்ளாமலே செவிலியாக வந்து பணி செய்கிறாள். உருக்கமான கற்பனைதான். ஆயினும், அங்கே நோயாளி ஒருவர், செவிலியும் ஒருத்தி. நமது வினா அங்கேதான் பிறக்கிறது.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை நாடி வருவோர் மதுரை மக்கள் மட்டுமல்லர். மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களிலிருந்தும், சிவகங்கை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்தும் ஏழை எளியோர் வருகின்றனர். மருத்துவக் கல்லூரி சார்ந்த மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் குழுமம் வகுத்த அளவு. மூன்று வேளைப் பணிக்கும் பகிர்ந்தால், வேளைக்கு ஒன்பது படுக்கை ஒருவர் பொறுப்பாகும். இது ஏட்டுக் கணக்கு. படுக்கை நிரம்பியபின் தரையில் பாய் விரித்துக் கிடப்போரை அந்த ஏடு அறியாது.

நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறுகிறது. எதிர்க்கட்டிலில் மற்றொருவருக்கு இரத்தம் கசிகிறது. இருவர்க்கும் உரியது இன்னதென அவள் கற்றிருக்கிறாள். ஒருவரிடமே அவளால் நிற்க முடியும். நல்லது இன்னதென்று அறிந்தும் சூழ்நிலை அதனைச் செய்யவொட்டாது தடுக்கும்போது எழும் இவ்வேதனைக்கு, ஆண்ட்ரூ ஜேம்டன் என்னும் அமெரிக்க அறவியலார் 1984-இல் தம் நூலொன்றில் பெயரிட்டார். அறத்துயர் என நாம் அதனைத் தமிழில் வழங்கலாம். இது களைப்பன்று, களைப்பு உறங்கினால் தீரும். மனச்சான்று மழுங்கியோர்க்கு இத்துயர் வாராது.

நம் கதைகளில் இரண்டே செவிலியர் உலவுகின்றனர்: ஒருத்தி தெய்வம், மற்றவள் சிடுசிடுப்பவள். அந்தச் சிடுசிடுப்புக்குப் பின்னால் ஆற்றமுடியாமற் போன கடமையொன்று நின்று வதைக்கலாம் என்று எண்ணிப் பார்த்த எழுத்து அரிது. தெய்வமாக்கியதில் வேறொரு வசதியும் உண்டு. தெய்வத்துக்கு ஊதியம் வேண்டாமன்றோ! 2015-இல் மாதம் ரூ. 7,700 தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட தமிழக அரசுச் செவிலியர், பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் சென்னையில் திரண்டனர். தியாகத்தைப் பாடிய புனைகதை அக்காட்சிக்கு எத்தனை பக்கம் தந்தது?

மீலாது மேடைகளில் ருபைதா அம்மையார் போற்றப்படுகிறார். போற்றத் தக்கவரே. ஆனால் அகழ்ப்போரில் காயமுற்றோரைப் பேண, மதீனாப் பள்ளிவாசலிலேயே அவருக்குக் கூடாரம் அமைய இடம் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அங்கே புகழுரையோடு பணி செய்வதற்கான இடமும் அளிக்கப்பட்டது.

எழுத்தாள அன்பர்கள் செவிலியரின் காலடியில் மலர் தூவியது போதும். அவர் எந்தக் கட்டிலுக்கு முதலில் சென்றார், எந்தக் கட்டிலுக்குச் செல்ல இயலவில்லை, விடிந்தபின் அதனை எவ்வாறு சுமந்து வீடு திரும்பினார் என்பதை எழுதட்டும். நோயாளியின் உயிர் அவர் கையில் அமானிதம் என்கிறோம். அதனைக் காக்க வேண்டிய கைகள் போதுமான எண்ணிக்கையில் உள்ளனவா எனக் கேட்பதும் இலக்கியத்தின் கடமையே.