வளவில்லாத ஊரில் கோழி

“எங்கட ஊர்க்கோழியள் வளவு முழுக்கத் திரியும், தங்கச்சி. நீங்கள் என்ன இதுகளை மறியலில வச்ச மாதிரி வச்சிருக்கிறியள்?”

என் மகளின் கல்யாணப் புடவை எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த சம்பந்தியம்மா கேட்ட கேள்வி இது. அவர்கள் ஊரில் மறியல் என்றால் சிறை. எங்களுக்கு மறியல் என்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் உட்கார்ந்து கன்டெய்னர் லாரிகளை நிறுத்துவது. அதனால் அவர் சொன்னது உடனே விளங்கவில்லை. விளங்கியதும் சுருக்கென்றது.

அவர் மனதில் கள்ளம் கிடையாது. சாவகச்சேரிக்காரர், பிறந்த நாள் முதல் கோழிகளுக்கு நடுவில் வளர்ந்தவர். நானோ கோழி வளர்ப்புக்குப் புதியவள். இருந்தாலும் வடசென்னையில் நாலு கோழியை வைத்துக் காப்பாற்றுவது என்ன பாடு என்று அறியாமல் சொல்லப்பட்ட பேச்சை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற வேறுபாடுகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. யாழ்ப்பாணத்தில் நிலத்தைப் பரப்பு என்று அளக்கிறார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், ஆக ஒரு பரப்பு சுமார் 2,700 சதுர அடி. நம் சென்னையின் கிரவுண்டு 2,400 சதுர அடி. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அங்கே ஒரு வீட்டைச் சுற்றி நாலைந்து பரப்பு வளவு இருப்பது பெரிய விஷயமில்லை என்றார் சம்பந்தியம்மா. இங்கே ஒரே கிரவுண்டில் நான்கு குடும்பங்கள் குடியிருக்கிறோம். கல்யாணத்துக்குப் போனபோது, வேலைகளுக்கு நடுவில் அந்த வளவைச் சுற்றிப் பார்த்தேன். கிளுவையும் பூவரசும் கதியாலாக ஊன்றிய வேலி. உள்ளே மா, தென்னை, அவர்கள் தேசி என்கிற எலுமிச்சை, முருங்கை. கோழி விடிந்ததும் இறங்கிப் போகிறது, சருகைக் கிளறுகிறது, கறையான் பொறுக்குகிறது, பொழுது சாய்ந்ததும் யாரும் கூப்பிடாமல் வந்து மரத்தில் ஏறிக்கொள்கிறது. கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது, மறுக்கமாட்டேன்.

எங்கள் பின்கட்டில் இருப்பது துவைக்கிற கல், தண்ணீர் டிரம், ஒற்றை முருங்கை. அதன் மேலே காசிமேட்டில் வாங்கிய பழைய நைலான் வலையை இழுத்துக் கட்டியிருக்கிறேன். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பருந்துக்கும் காக்கைக்கும் குறைவே இல்லை. சாவகச்சேரியில் பருந்தின் நிழல் விழுந்து தாய்க்கோழி குரல் கொடுத்தால் குஞ்சுகள் புதருக்குள் ஓடி ஒளிகின்றன. எங்களுக்கு அந்த வலைதான் புதர். இரவில் வருவது பெருச்சாளி. சாக்கடை வழியாக ஏறி வந்து, தூங்குகிற கோழியின் காலைக் கடித்துவிடும். அதனால் மரப்பெட்டிக்கு அடியில் தகரம் அடித்து, கதவுக்குக் கொக்கி போட்டிருக்கிறோம். சம்பந்தியம்மா மறியல் என்றது இந்தப் பெட்டியைத்தான். பெருச்சாளியை அவர் அகளான் என்கிறார். பெட்டைக் கோழி அவருக்குப் பேடு. நாங்கள் நொய் என்பதை அவர் குறுணல் என்கிறார். கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. மரத்தில் அடையும் கோழியை மரநாய் கொண்டுபோகும் கதையையும் அவரே சொன்னார். திறந்து விட்ட கோழிக்கு ஆபத்து அங்கேயும் இருக்கிறது.

கோழியின் சாதியைப் பற்றியும் பேச்சு வந்தது. அங்கே பண்ணைக்கோழி அல்லாதது எல்லாம் அநேகமாக ஊர்க்கோழி என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் சிறுவிடை, பெருவிடை, அசில் என்று பிரித்துப் பேசுவோம். தெருவில் கூடையில் வைத்துப் பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளை நம்ப வேண்டாம் என்று பக்கத்து வீட்டம்மா முதலிலேயே எச்சரித்தார். அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைகள் வேண்டாமென்று கழித்துவிடும் சேவல் குஞ்சுகள். எனக்குக் கிடைத்தவை நந்தனம் கோழிகள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் நந்தனத்தில் இருந்த காலத்தில் உருவாக்கிய இனம், அதனால்தான் அந்தப் பெயர். இப்போது அந்த நிலையம் மாதவரத்தில், எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழுப்பும் கறுப்புமாக, பார்வைக்கு நாட்டுக்கோழி போலவே இருக்கும், அதைவிடக் கூடுதலாக முட்டையிடும். ஆனால் அடைக்கு உட்கார்வதில் அவ்வளவு நாட்டமில்லை. அதற்காகவே ஒரு சிறுவிடையையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அவள் உட்கார்ந்தால் இருபத்தொரு நாளும் அசையமாட்டாள், தீனிக்கு இறங்கிய வேகத்தில் திரும்பிவிடுவாள். இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க அடைக்கூடையில் இரும்பாணியும் அடுப்புக்கரியும் வைப்போம். சம்பந்தியம்மாவும் கடகத்தில் மணல் பரப்பி முட்டையோடு ஆணி வைப்பாராம். இந்த ஒன்றில் இரண்டு ஊருக்கும் சண்டையில்லை.

மாப்பிள்ளைத் தம்பி ஒரு நாள் பெருமையாகச் சொன்னார், இலங்கையின் தேசியப் பறவையே காட்டுக்கோழிதான் என்று. உண்மைதான். அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம் அது. நானும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கோழியின் முதல் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி, அது வட இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை வாழ்வது. ஆனால் மஞ்சள் கால், மஞ்சள் தோல் என்ற குணத்தைத் தரும் மரபணு வீட்டுக்கோழிக்கு வந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து. ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2008இல் இதை வெளியிட்டார்கள். உலகத்தில் எங்கே மஞ்சள் கால் கோழி நின்றாலும் அதில் நம் மலைக்கு ஒரு பங்கு உண்டு. சம்பந்தியம்மாவின் பேடுகளுக்கும் மஞ்சள் கால்தான், நான் பார்த்தேன்.

நோய்க்கு வருவோம், புதிதாக வளர்ப்பவர்களை அழவைப்பது அதுதான். எங்கள் முதல் குஞ்சுகளில் பாதியை வெள்ளைக்கழிச்சல் கொண்டுபோனது. தலையைத் தொங்கப்போட்டு, கழுத்து முறுக்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். 1927இல் குமாவோன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்றும் பெயர். வந்தபிறகு மருந்து கிடையாது, வராமல் தடுக்கத்தான் முடியும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, மூன்றாம் வாரத்தில் மறுபடியும், எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாக ஊசி போடுகிறது. முகாம் பெரும்பாலும் கிராமங்களுக்கு. நகரத்தில் நாம்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போகவேண்டும். சம்பந்தியம்மா தன் கோழிகளுக்கு ஊசி போட்டதே இல்லை என்றார். மிருக வைத்தியரைக் கூப்பிட்டால் வருவார், ஆனால் மரத்தில் ஏறிய கோழியை யார் பிடிப்பது என்று கேட்டார். இந்த இடத்தில் எங்கள் பெட்டி ஜெயித்ததாகவே நினைக்கிறேன். அடைத்து வைத்த கோழிக்குத்தான் நேரத்துக்கு மருந்து போகிறது.

முட்டை மீன் மணக்கிறது என்றும் ஒரு குறை சொன்னார். எண்ணூர் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கம் கோழிகள் மணலில் காயும் நெத்திலியையும் சென்னாக்கூனியையும் பொறுக்கித்தான் வளர்கின்றன. எங்கள் தெருவிலும் மீன் கழுவிய தலையும் செதிளும் கோழிக்குத்தான். சில கோழிகளின் உடம்பால் மீன் தீனியிலிருந்து வரும் டிரைமெத்தில் அமைன் என்ற பொருளை முறித்துவிட முடியாது, அது மஞ்சள் கருவில் தங்கி வாடை தரும். எல்லாக் கோழிக்கும் இப்படி ஆவதில்லை. யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர்க் கோழிகள் மட்டும் கடற்கரையில் மீன் தின்னாமலா இருக்கும்? சாவகச்சேரியில் இருந்துகொண்டு எங்கள் கடற்கரையைக் குறை சொல்வது நியாயமில்லை.

2021இல் இலங்கையில் ரசாயன உரத்தைத் தடை செய்ததில் சோள விளைச்சல் சரிந்து, கோழித்தீனி விலை ஏறி, 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டி வந்தது. அதைச் சொல்லிக் காட்டலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. அது பண்ணை முட்டை, எங்கள் பின்கட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தக் காலத்திலும் தன் வளவில் முட்டைக்குப் பஞ்சம் வரவில்லை என்று அவர் சொன்னதை நம்புகிறேன். தெருவில் ஒரு பெண் பிள்ளைக்குச் சடங்கு என்றால் நல்லெண்ணெயோடு குடிக்க நாட்டுமுட்டை கேட்டு இங்கே எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அங்கே சாமத்திய வீட்டுக்கும் அதே முட்டை, அதே நல்லெண்ணெய்.

சம்பந்தியம்மா பார்க்காத ஒன்று இருக்கிறது. அவர் கடைகளுக்குப் போயிருந்த நேரத்தில், மூன்று மணிக்குப் பிறகு, என் கோழிகளைத் தெருவில் விடுவேன். அப்போது லாரி எங்கள் சந்துக்குள் வராது. இட்லிக்கடைக்காரர் நாயை அதட்டி வைப்பார், எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து குஞ்சுகளை எண்ணுவார். ஒன்று வேறு வீட்டில் முட்டையிட்டுவிட்டால் அந்த முட்டை என் வீட்டுக்கு வந்து சேரும். அங்கே வேலி காக்கிறது, இங்கே தெருவே காக்கிறது. வளவுள்ளவர்களுக்கு இந்தத் தயவு தேவைப்படுவதில்லை, அதனால் அவர்களுக்கு இது தெரிவதுமில்லை.

2000ஆம் ஆண்டுச் சண்டையில் சம்பந்தியம்மா சாவகச்சேரியை விட்டு வெளியேறியபோது கூட்டைத் திறந்து விட்டுவிட்டுத்தான் போனாராம், கோழிகளாவது பிழைக்கட்டும் என்று. திரும்பி வந்தபோது ஒன்றும் இல்லை. அதைக் கேட்டபின் அடைத்து வைத்த கோழியைப் பார்த்தால் அவருக்கு ஏன் பொறுக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்திலும் ஓடியிருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, எண்ணூர் முகத்துவாரத்தில் கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுத்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போரையும் இதையும் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் கோழிகளை விட்டுவிட்டு ஓடுவது என்ன என்று வடசென்னைக்கும் தெரியும்.

நான் காலையில் கோழிகளை வெளியே திறந்து விடாததற்குப் பருந்தும் பெருச்சாளியும் மட்டும் காரணமில்லை. இந்த மண்ணும் காரணம். அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடக்கிறது, காற்று திரும்பினால் எங்கள் மாடியிலும் படிகிறது. கோழி மண்ணைக் கிளறித் தின்னும் பிராணி. மண்ணில் ஈயம் இருந்தால் அது முட்டைக்கு வந்துவிடும். சிட்னி நகரத்தில் வீட்டுக்கோழி முட்டைகளைச் சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், கடை முட்டையைவிடச் சராசரியாக நாற்பது மடங்கு ஈயம் இருந்தது. அதைப் படித்த பிறகு பின்கட்டு மண்ணை ஒரு முழம் தோண்டி எடுத்து, வெளியூர்ச் செம்மண் கொட்டினேன். காலை மேய்ச்சல் அந்தச் செம்மண்ணில் மட்டும்தான். தீனியைத் தட்டில் வைக்கிறேன், தரையில் இறைப்பதில்லை. மாலையில் தெருவில் விடுவதும் சிமெண்ட் போட்ட பகுதியில்தான். பேத்தி பிறந்து இந்த வீட்டுக்கு வந்தால் அவளுக்கும் இந்த முட்டையைத்தானே கொடுப்பேன்.

சாவகச்சேரியின் மண்ணில் இந்தக் கவலை இல்லாமல் கோழி மேய்கிறது, அது அவர்களுக்கு அமைந்த வரம். எங்கள் ஆறும் உப்பங்கழியும் இப்படி ஆனது கோழி வளர்க்கும் பெண்களால் இல்லை. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிருக்கிறது. சாம்பலைக் கொட்டியவர்கள் அதை அள்ளட்டும், முகத்துவாரத்தைச் சுத்தம் செய்யட்டும், மண்ணைச் சோதித்து நல்ல மண் என்று எழுதிக் கொடுக்கட்டும். மறுநாள் விடியற்காலையிலேயே கொக்கியைக் கழற்றிவிடுகிறேன்.