கருப்பு ஜாக்கெட்டும் மஞ்சள் கேசட்டும்

மெட்டாலிகாவின் 'கராஜ் இன்க்.' 1998 நவம்பரில் வந்தது. இரண்டு பகுதி, மொத்தமும் அடுத்தவர்கள் பாட்டு. யாரையெல்லாம் கேட்டு வளர்ந்தார்களோ அவர்களுடைய பாட்டுகளைத் தங்கள் கையால் திரும்ப வாசித்து வெளியிட்டிருந்தார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு நண்பனிடம் இரவல் வாங்கி, இரண்டு காலி கேசட்டில் பதிந்துகொண்டு வந்து வீட்டில் போட்டேன். முதல் பாட்டு 'ஃப்ரீ ஸ்பீச் ஃபார் தி டம்ப்'. தலைப்பில் இருக்கிற அந்த ஐந்து சொல்லைத் தவிர பாட்டில் கிட்டத்தட்ட வேறு வரியே கிடையாது. அதையே திரும்பத் திரும்பக் கத்திவிட்டு இரண்டரை நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' மாதிரி எட்டு நிமிஷத்துக்கும் மேலே அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டு போகிற அந்தக் கோபுரம் எங்கே? ஏமாந்துபோனேன். "இவனுங்களுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் தோன்றியது. உறையில் சின்ன எழுத்தில் பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் பெயர் இருந்தது: டிஸ்சார்ஜ்.

எனக்கு ஏன் அந்த ஏமாற்றம் வந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். சென்னையில் மெட்டல் கேட்பது என்பது அப்போது ஒரு பரீட்சை மாதிரி. கல்லூரி விழாக்களில் ராக் போட்டி நடக்கும். நகரத்துக்குள்ளிருந்து வருகிற, வீட்டிலேயே இங்கிலீஷ் பேசுகிற பையன்கள்தான் மேடையில் இருப்பார்கள். கீழே நிற்கிறவர்கள் பேசுவதெல்லாம் விரலைப் பற்றித்தான். எவ்வளவு சுத்தமாக வாசிக்கிறான், எவ்வளவு வேகம், எத்தனை ஸ்வரம் பிசகாமல் விழுந்தது. முடி நீளமாக இருந்ததே தவிர, காது என்னவோ சபா காதுதான். தொடையில் தாளம் போட்டுக் குறை கண்டுபிடிக்கிற அதே காது. நானும் அந்தப் பரீட்சையைப் படித்துப் பாஸ் பண்ணியவன். ராகம் தெரியாது, கீர்த்தனை தெரியாது என்று கூனிக் குறுகுகிற இடத்திலிருந்து தப்பி வந்தவனுக்கு, இது யாருக்கும் பாட்டன் சொத்து இல்லை என்கிற நிம்மதி. ஒருநாள் பேச்சு கானா பக்கம் போனது. "அது மியூசிக் இல்லடா, சத்தம்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் வடசென்னையிலிருந்து ஆள் வந்து விடிய விடியக் கானா பாடுவார்கள். அது தெரிந்தும் நானும் சேர்ந்து சிரித்தேன்.

டிஸ்சார்ஜின் மூலத்தைக் கேட்க இன்னும் ஆறேழு வருஷம் ஆனது. இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்கிற, பீங்கான் சூளைகளால் பேர்பெற்ற ஊரில் 1977இல் உருவான பங்க் குழு. 1982இல் வந்த 'ஹியர் நத்திங் ஸீ நத்திங் ஸே நத்திங்' தொகுப்பில் பதினாலு பாட்டு. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட இல்லை. அணுகுண்டு, பிணம், பசி. ஒவ்வொரு பாட்டிலும் மூன்று நான்கு வரி, இரண்டு மூன்று கிட்டார் பிடி. டிரம்மில் ஒரே உருட்டு. கால் அடிக்கு நடுவில் கை அடி குறுக்கே விழுந்து, முன்னே தள்ளிக்கொண்டே போகிற ஓட்டம் அது. அந்த அடிக்கு டிஸ்சார்ஜின் முதலெழுத்தையே வைத்து 'டி-பீட்' என்று உலகம் முழுக்கப் பேர் வந்துவிட்டது. அதைக் கேட்ட அன்று ராத்திரியே மெட்டாலிகாவின் முதல் தொகுப்பை, 1983இன் 'கில் எம் ஆல்'ஐ, திரும்பப் போட்டேன். பத்து வருஷம் மனப்பாடமாகக் கேட்ட பாட்டு. அதற்கு அடியில் இவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வித்தை என்று கும்பிட்ட வேகத்தில் பாதி, 'வாசிக்கத் தெரியாதவனுங்க' என்று மெட்டல்காரர்களே ஒதுக்கி வைத்தவர்களிடமிருந்து வந்தது.

மெட்டலும் பெரிய வீட்டுப் பிள்ளை இல்லைதான். பிளாக் சபாத்தின் டோனி அயோமி, பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலது கை விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தார், பிறகு தந்தியைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். இந்த இசைக்கே அடையாளமான அந்தக் கனத்த ஓசைக்கு வெட்டுப்பட்ட ஒரு தொழிலாளியின் கையும் காரணம். பர்மிங்காமுக்கும் ஸ்டோக்குக்கும் நடுவே தாம்பரம் - திண்டிவனம் தூரம்கூடக் கிடையாது. ஆனால் பத்து வருஷத்துக்குள் மெட்டல் மேடை ஏறி, விளக்கு போட்டு, உயரத்துக்குப் போய்விட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து தரைக்கு இழுத்தார்கள்.

கேசட் உறைகளில் இருந்த கருப்புத் தோல் ஜாக்கெட்டுகளை இங்கே நினைத்துக்கொள்கிறேன். குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டும்போது தோல் நாற்றத்துக்கு ரயிலில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் எடுத்தவர்கள் யார் என்று இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதப்பட்டு, கருப்பேறி, பளபளவென்று வந்த பிறகு அது ஃபேஷன். நான் ஜாக்கெட்டைப் பார்த்தேன், தொட்டியைப் பார்க்கவில்லை. இசையிலும் அப்படியேதான் கேட்டிருக்கிறேன்.

திரும்ப அந்த முதல் பாட்டுக்கு வருகிறேன். இங்கிலீஷில் 'டம்ப்' என்றால் ஊமை. முட்டாள் என்றும் அர்த்தம். பேசாதவனுக்குப் புத்தியில்லை என்று அந்த மொழி ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது. நம் ஊரிலும் தீர்ப்பு அதேதான். 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் தொடங்கிய மராத்திப் பத்திரிகைக்கு 'மூக்நாயக்' என்று பேர், ஊமைகளின் தலைவன். பேசவிடாமல் அடிக்கப்பட்டவன் முதன்முதலில் வாயைத் திறக்கும்போது நீளமான வாக்கியம் வராது. ஒரே வாக்கியம்தான் வரும், அதையே திரும்பத் திரும்பச் சொல்லுவான். அது கற்பனை வறட்சி அல்ல. முதல் தடவை சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்பதால் வருகிற திரும்பல். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது என்ன சொன்னார்கள்? கொச்சை, பச்சை, கலை நயம் இல்லை. சுருதி சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். அன்றைக்கு இலக்கியத்தில் அதை எதிர்த்துச் சண்டை போட்ட நான், வாக்மேனை மாட்டிக்கொண்டதும் எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டிருக்கிறேன். என் ரசனையே எனக்கு விரோதி என்று தெரிந்துகொள்ள ஐந்து சொல் பாட்டு ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. மேலே ஜாக்கெட், கீழே கலகம், கீழே உள்ளது உத்தமம். அப்படி நம்பிக்கொண்டு பங்க் பக்கம் போனவனுக்கு ஸ்லேயர் குழு ஒரு அறை கொடுத்தது.

ஸ்லேயரும் எனக்குப் பிரியமானவர்கள்தான். அவர்களுடைய கிட்டார்காரர் ஜெஃப் ஹேனிமன் ஹார்ட்கோர் பங்க்கில் ஊறியவர். 1986இன் 'ரெய்ன் இன் பிளட்'டில் பத்து பாட்டு அரை மணிக்குள் முடிவதற்கு அதுதான் காரணம். 1996இல் இவர்களும் ஒரு கடனடைப்புத் தொகுப்பு போட்டார்கள், 'அன்டிஸ்ப்யூட்டட் ஆட்டிட்யூட்'. அதில் வாஷிங்டன் குழுவான மைனர் த்ரெட் 1981இல் வெளியிட்ட 'கில்ட்டி ஆஃப் பீயிங் ஒய்ட்' இருக்கிறது. எழுதியவர் இயன் மெக்கே. கருப்பின மாணவர்கள் பெரும்பான்மையாக இருந்த பள்ளியில் படித்த வெள்ளைப் பையன், அடிமை முறைக்காகத் தன்னை ஏன் குற்றவாளியாக்குகிறீர்கள் என்று கேட்ட பாட்டு. இனவெறிக்கு எதிராகத்தான் எழுதினேன் என்கிறார் அவர். நம்புகிறேன். ஆனால் ஸ்லேயர் என்ன செய்தது தெரியுமா? கடைசியில் 'வெள்ளை' என்ற சொல்லை எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட அதே ஓசையில், 'சரி' என்றும் 'வலது' என்றும் பொருள்படுகிற சொல்லைப் போட்டுவிட்டது. மெக்கே கொதித்துப்போனார். இத்தனைக்கும் ஸ்லேயருக்காகப் பாடியவர் டாம் அராயா, சிலி நாட்டில் பிறந்து சின்ன வயசில் அமெரிக்கா வந்த குடும்பம்.

மெக்கேயின் கோபம் நியாயம். ஆனால் எனக்கு அவர் மேலேயும் ஒரு கேள்வி உண்டு. ஒரே ஒரு சொல்லை மாற்றியதும் கதவு திறந்துகொள்கிறது என்றால், தாழ்ப்பாள் முதலிலேயே லூசாக இருந்திருக்கிறது. "எங்க தாத்தா செஞ்சதுக்கு நாங்க என்னய்யா பண்றது?" இந்தப் பல்லவியை 1990இல் வி.பி. சிங் மண்டல் அறிக்கையை அமல்படுத்துவதாக அறிவித்தபோது நாடு முழுக்கக் கேட்டோம். பீச் - தாம்பரம் மின்சார ரயிலில் கேட்டிருக்கிறேன், கல்லூரி விடுதியில் கேட்டிருக்கிறேன், ஆபீஸ் கேன்டீனில் இன்றைக்கும் கேட்கிறேன். சொல்கிறவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு பையன் அடி வாங்கியிருக்கலாம், வலித்தும் இருக்கலாம். ஆனால் அந்த ஊரில் வீட்டு வாடகை, வேலை, போலீஸ் எல்லாம் யார் பக்கம் நின்றன என்பதை விட்டுவிட்டு வகுப்பறையை மட்டும் பாடினால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவன் குரல் என்கிற வடிவம் யார் வாய்க்கும் பொருந்துகிற சட்டை. கத்துகிறான் என்பதாலேயே கீழே இருக்கிறான் என்று ஆகிவிடாது.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த மெக்கேக்கு வாத்தியார் யார் என்று தேடினால், அதே வாஷிங்டனின் நான்கு கருப்பு இளைஞர்கள். பேட் ப்ரெயின்ஸ். எச்.ஆர்., டாக்டர் நோ, டேரில் ஜெனிஃபர், ஏர்ல் ஹட்சன். தன்னை உலுக்கியது இவர்கள்தான் என்று மெக்கே பலமுறை சொல்லியிருக்கிறார். 1980இல் வந்த இவர்களுடைய முதல் தட்டின் முக்கியப் பாட்டு ஒன்றரை நிமிஷம். 1982இல் வந்த முதல் தொகுப்பு அப்போது கேசட்டாக மட்டுமே வந்தது, மஞ்சள் உறையில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் கூம்பில் இடி இறங்குகிற படத்தோடு. இசைத்தட்டு போட்டால்தான் கௌரவம் என்றிருந்த காலத்தில் கேசட். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. நம் கானாவும் கேசட்டில் ஊர் சுற்றியதுதான்.

ஆனால் இவர்கள் மூன்று பிடி மட்டும் தெரிந்தவர்கள் இல்லை. ஜாஸும் ராக்கும் கலந்த, ரொம்பச் சிக்கலான இசையை வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அதைச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி கழற்றிப் போட்டுவிட்டு, இருந்த கைத்திறன் மொத்தத்தையும் வேகத்தில் கொட்டினார்கள். நடுநடுவே ரெகே வாசித்து மூச்சு வாங்கினார்கள். ஆக, 'தெரியாதவனுங்க கலகம் பண்ணுனானுங்க' என்று நான் கட்டி வைத்திருந்த இரண்டாவது கதையும் விழுந்தது. அதுவும் மேலே நின்று பார்க்கிறவன் கதைதான். தெரிந்தும் வேண்டாம் என்று சொல்கிற அறிவு கீழே இருக்கும் என்று அவனுக்குத் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை. கானா பாடுகிறவர் செத்தவரின் பேர், தொழில், கூட்டாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் எதுகை பிசகாமல் கட்டுகிறாரே, அது படிப்பு இல்லையா?

இவர்களையும் கோயில் கட்டிக் கும்பிட முடியாது. 1982இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகருக்குப் போனபோது, 'பிக் பாய்ஸ்' குழுவின் பாடகர் ஒருபாலீர்ப்பு உள்ளவர் என்பதற்காக அவரை இழிவுபடுத்தினார்கள். அந்தக் கசப்பு ஆறப் பல வருஷமாயிற்று. ஒடுக்கப்பட்டவன் கையிலும் குச்சி இருக்கும். நம் கானாவில் பெண்களைப் பற்றி வருகிற வரிகளை நாம் எத்தனை நாளைக்கு 'மண் வாசனை' என்று சொல்லி மூடப்போகிறோம்?

சினிமா கானாவை எடுத்தபோதும் ஸ்லேயர் வேலைதான் நடந்தது, இன்னும் நைசாக. தாளத்தை எடுத்தார்கள், கேலியை எடுத்தார்கள், பிணத்தை விட்டுவிட்டார்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறை மேடை ஏறியது. பா. இரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த பத்தொன்பது பேர். பேரே அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. (அவர் பேரில் தாம்பரம் சானடோரியத்தில் சித்த மருத்துவமனை இருக்கிறது. தினம் அதைத் தாண்டிப் போகிற பலருக்கு அவர் யார் என்று தெரியாது.) அங்கே கிட்டார் கானாவுக்குப் பக்கவாத்தியமாக உட்கார்ந்தது. சில பாட்டுகள் பிரச்சாரமாகத் தட்டையாகத்தான் இருந்தன, சொல்லிவிடுகிறேன். ஆனால் யார் யாருக்கு வாசிக்கிறார்கள் என்கிற வரிசை மாறியிருந்தது.

போன மாசம் எங்கள் தெருவில் டேப் அடிக்கிற அண்ணன் ஒருவருக்கு டிஸ்சார்ஜ் பாட்டைப் போனில் போட்டுக் காட்டினேன். பாதி கேட்டுவிட்டு விரலால் முழங்காலில் அடித்துப் பார்த்தார்.

"அடி நம்ம அடி மாதிரிதான் போவுது. ஆனா நடுவுல மூச்சு விட எடமே குடுக்கலயே. ராத்திரி பூரா இப்படி அடிச்சா அடிக்கிறவன் செத்துருவான்."

"ராத்திரி பூரா இல்லண்ணே, ரெண்டு நிமிஷம்தான்."

"அப்ப சரி. யாரு செத்துட்டாங்க?"

"குண்டு போட்டா எல்லாருந்தான்னு பாடுறாங்க."

"அப்ப யாரு தூக்குறது?" என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.